ஃபிளை லைன் வெடித்தால் வீசிவிட வேண்டாம்: வீட்டிலேயே சரிசெய்யும் வழிகள்

கேலாங்கில் குடியிருக்கும் ஒருவர் விடியற்காலையில் தூண்டில் கோலுடன் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு தோமான் ஒன்று இரையைக் கவ்வுகிறது. விரால் குடும்பத்தைச் சேர்ந்த அந்த முரட்டு மீன் ஒரே ஓட்டமாக ஓட, ரீலிலிருந்து லைன் சரசரவென்று வெளியேறுகிறது. திடீரென ஒரு தட்டல். லைனில் எப்போதோ விழுந்திருந்த சிறு வெடிப்பு கோலின் வளையத்தில் மாட்டி, நொடியில் அறுந்துபோகிறது.

மீன் போனது ஒரு பக்கம். வாயில் கொக்கியும் பின்னால் பல மீட்டர் லைனும் இழுபட அது நீருக்கடியில் எங்கேயாவது சிக்கிக்கொள்ளும் என்பதுதான் பெரிய வருத்தம். கையில் மிஞ்சியிருப்பது பாதி லைன். புதிதாக வாங்கினால் பெரும்பாலும் நூறு வெள்ளிக்கு மேல் ஆகும்.

இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். வெடிப்பை முன்கூட்டியே கண்டுபிடித்தால் சில வெள்ளி செலவில் வீட்டிலேயே சரிசெய்துவிட முடியும். தேவைப்படும் பொருள்கள் பலவும் கேலாங் லோரோங்குகளில் உள்ள வன்பொருள் கடைகளிலும் மின்சாதனக் கடைகளிலும் கிடைக்கக்கூடியவையே. எதைச் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்யக் கூடாது என்று பிரித்தறிவதுதான் முக்கியம்.

சாதாரண நரம்பு அல்ல

வழக்கமான தூண்டிலில் ஈயக் குண்டின் அல்லது இரையின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் 'தங்கூசி' என்றும், மலாயில் 'தங்சி' என்றும் சொல்லப்படும் அந்த நரம்பு மெல்லியதாக, எடையற்றதாக இருந்தால் போதும்.

'ஃபிளை ஃபிஷிங்' முறையில் கணக்கு தலைகீழ். இறகு, நூல், ரோமம் ஆகியவற்றைக் கொக்கியில் கட்டிச் செய்யும் 'ஈ'க்கு எடையே இல்லை. அதை எறிய முடியாது. அதனால் எடை முழுவதும் லைனில் வைக்கப்படுகிறது. கோலை முன்னும் பின்னும் அசைக்கும்போது காற்றில் வளைந்து விரிவது அந்தக் கனமான லைன்தான். ஈ அதன் பின்னால் சும்மா பயணம் செய்கிறது.

லைனின் முதல் 30 அடி, அதாவது ஏறக்குறைய 9 மீட்டர் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர்கள் 1961ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வகுத்தனர். அதன்படி, 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம் இருக்கும். பெரிய மீன்களுக்குப் பயன்படும் 8ஆம் எண் லைனில் அது ஏறக்குறைய 13.6 கிராம். இன்றும் கோலில் அச்சிடப்பட்டிருக்கும் எண் இந்த அளவைத்தான் குறிக்கிறது.

இந்த எடையைத் தாங்க, லைன் இரண்டு அடுக்காகச் செய்யப்படுகிறது. நடுவில் நைலான் உள்ளிழை. அதன்மேல் பிவிசி அல்லது பாலியுரேத்தேன் பூச்சு. இழுவிசையைத் தாங்குவது உள்ளிழை. எடை, தடிமன், மிதக்கும் தன்மை எல்லாம் பூச்சின் வேலை. மிதக்கும் லைனின் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெற்றுக் கண்ணாடிக் குமிழ்கள் கலக்கப்படுகின்றன. மூழ்கும் லைனில் டங்ஸ்டன் தூள் சேர்க்கப்படுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பூச்சு வெடித்து உள்ளிழை நன்றாக இருந்தால் அது மேல்காயம். உள்ளிழையே நைந்திருந்தால் அது எலும்பு முறிவு. இரண்டுக்கும் மருத்துவம் வேறு.

பட்டு நூலிலிருந்து பிளாஸ்டிக் வரை

பழுது பார்ப்பது இந்தப் பொழுதுபோக்கில் புதிதல்ல. பிளாஸ்டிக் வருவதற்கு முன் லைன்கள் பின்னிய பட்டு நூலால் ஆனவை. எண்ணெய் ஊறவைத்துப் பதப்படுத்தப்பட்ட அந்தப் பட்டு லைனை ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் ரீலிலிருந்து கழற்றி உலர்த்த வேண்டும். மிதப்பதற்குக் கொழுப்புப் பூச வேண்டும். ஒரு நாள் சோம்பல்பட்டாலும் பட்டு மக்கிவிடும்.

தமிழர் வாழும் மலைநாடுகளில் இந்தக் காட்சி ஒருகாலத்தில் பழக்கமானது. நீலகிரியில் டிரவுட் மீன்களை வளர்க்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. எச்.சி. வில்சன் என்ற அதிகாரியின் முயற்சியில் 1907ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கையின் நுவரெலியாவிலும் மூணாறிலும் தேயிலைத் தோட்டத் துரைமார் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் மீன்களை விட்டு வளர்த்தார்கள். மீன்பிடிக்க உரிமம் வேண்டும். கோலும் ரீலும் கப்பலில் வர வேண்டும். கொழுந்து பறித்தவர்கள் தினமும் கடந்துபோன ஓடைகளில் துரைகள் வீசிய லைன், அன்றைய நிலையில் தோட்டத் தமிழர்களுக்கு எட்டாத பொருள். இன்று அதே கலையை அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளும் காணொளி பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

1950களின் தொடக்கத்தில் பிவிசி பூசிய லைன்கள் சந்தைக்கு வந்ததும் பட்டு லைன் மெல்ல ஒதுங்கியது. உலர்த்தும் வேலை போனது. ஆனால் வெடிப்பு என்ற புதுப் பிரச்சினை வந்தது.

சிங்கப்பூரில் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

முதல் காரணம் வெப்பம். ஃபிளை லைன்கள் குளிர்நாட்டுக்கு ஒரு வகையாகவும் வெப்பநாட்டுக்கு ஒரு வகையாகவும் செய்யப்படுகின்றன. குளிர்நாட்டு லைனின் உள்ளிழை பல மெல்லிய இழைகளைப் பின்னியது, பூச்சும் மென்மையானது. அதை நம் வெயிலில் பயன்படுத்தினால் வேகவைத்த நூடல்ஸ்போலத் தொய்ந்து, வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்பநாட்டு லைனில் பெரும்பாலும் ஒற்றை நைலான் நரம்பே உள்ளிழையாக இருக்கும், பூச்சும் கடினமானது. மலிவாகக் கிடைக்கிறதே என்று குளிர்நாட்டு லைனை வாங்கியவர்கள், அது பழுதாகிவிட்டதாக நினைப்பதும் உண்டு. அது பழுது அல்ல, பொருத்தமின்மை.

இரண்டாவது காரணம் நம் கைகளில் இருக்கிறது. டெங்கிக் கொசுவுக்குப் பயந்து பூசிக்கொள்ளும் பூச்சிவிரட்டிகள் பலவற்றில் 'டீட்' என்ற வேதிப்பொருள் உள்ளது. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் தன்மையுடையது. அதைத் தடவிய விரல்களால் லைனைப் பிடித்து இழுத்தால் பூச்சு பிசுபிசுத்து, பிறகு வெடிக்கும். வெயில் தடுப்புக் களிம்பும் பிவிசிக்கு நல்லதல்ல. களிம்பைப் புறங்கையால் பூசிக்கொண்டு உள்ளங்கையையும் விரல்களையும் சோப்புப் போட்டுக் கழுவுவது எளிய தீர்வு. பிக்காரிடின் கலந்த பூச்சிவிரட்டி பிளாஸ்டிக்கைப் பாதிப்பதில்லை.

மூன்றாவது காரணம் தரை. நீர்த்தேக்கக் கரைகளில் கருங்கல், பிடோக் படகுத்துறையில் சிமெண்டு. காலடியில் விழுந்து கிடக்கும் லைனை மிதித்துவிட்டால் பூச்சில் கீறல் விழும். கீறலுக்குள் நுழையும் மணல் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

நான்காவது, காரின் பின்பெட்டி. மதிய வெயிலில் மூடிய காருக்குள் பல மணி நேரம் கிடக்கும் லைனில் பூச்சை நெகிழவைக்கும் பொருள் மெல்ல வெளியேறுகிறது. பிறகு பூச்சு உலர்ந்து விறைக்கிறது.

முதலில் நோய் அறிதல்

சரிசெய்யும் முன் லைன் முழுவதையும் கழற்றி, கழுவிப் பார்க்க வேண்டும். ஒரு பேசினில் வெதுவெதுப்பான நீர், சில சொட்டு மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் போதும். லைனைச் சுருள் சுருளாக அதில் போட்டு அரைமணி நேரம் ஊறவைத்து, மென்துணியால் பிடித்து இழுத்துத் துடைக்க வேண்டும். பின்னர் நல்ல நீரில் அலசி உலர்த்த வேண்டும். துணியில் படியும் கறுப்பைப் பார்த்தாலே லைன் ஏன் தூரம் போகவில்லை என்பது விளங்கிவிடும். 'கெட்டுப்போன' லைன்கள் பல இந்தக் குளியலிலேயே குணமாகிவிடுகின்றன.

அடுத்து, லைனைக் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் நகங்களுக்கு இடையே மெதுவாக இழுக்க வேண்டும். தட்டுப்படும் ஒவ்வோர் இடத்திலும் ஒட்டுத்தாள் துண்டு ஒன்றை அடையாளமாக ஒட்டிவிடலாம். பிறகு ஒவ்வோர் இடத்தையும் நல்ல வெளிச்சத்தில் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும்.

மேற்பரப்பில் மட்டும் சுருக்கம் இருந்தால் கவலை வேண்டாம். வளைக்கும்போது பிளவு திறந்து வெள்ளை இழை தெரிந்தால் பூச்சு முழுமையாக வெடித்துவிட்டது; நீர் உள்ளே போகும். பின்னிய உள்ளிழை விளக்குத்திரிபோல நீரை உறிஞ்சுவதால் மிதக்க வேண்டிய லைன் நுனியில் மூழ்கத் தொடங்கும். அந்த இடம் மட்டும் கதவுக் கீல்போல மடங்கினாலோ, இழைகள் பிசிர் பிசிராக நீட்டிக்கொண்டிருந்தாலோ உள்ளிழை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

லைனைச் சோதித்த கையோடு கோலின் வளையங்களையும் சோதிக்க வேண்டும். பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் தேய்த்தால், விரிசல் உள்ள வளையத்தில் பஞ்சு மாட்டும். வளையத்தை மாற்றாமல் லைனைச் சரிசெய்வது, ஓட்டை வாளியில் நீர் மொள்வதற்குச் சமம்.

மேல்காயத்துக்குப் பசை

உள்ளிழை நன்றாக இருந்து பூச்சு மட்டும் வெடித்திருந்தால் நெகிழும் பசை போதும். இரண்டு வகைகள் பயன்படும். ஒன்று, புற ஊதா ஒளியில் இறுகும் பசை. மற்றொன்று, காலணிகளையும் மழைச்சட்டைகளையும் ஒட்டப் பயன்படும் பாலியுரேத்தேன் பசை. இரண்டிலும் 'இறுகிய பின்பும் வளையும்' என்று உறையில் குறிப்பிட்டிருப்பதையே வாங்க வேண்டும்.

வெடித்த இடத்தைச் சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஆல்கஹால் துடைப்பானால் ஒரு முறை துடைத்தால் எண்ணெய்ப்பசை போய்விடும். ஊறவைக்கக் கூடாது. லைனை லேசாக வளைத்துப் பிளவைத் திறந்து, பல்குத்தும் குச்சியால் ஒரு துளிப் பசையை உள்ளே செலுத்த வேண்டும். பிறகு நேராக்கி, இருபுறமும் 3 மில்லிமீட்டர் தாண்டும் அளவுக்கு மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். ஒரே தடவையில் தடிமனாகப் பூசுவதைவிட இரண்டு மூன்று மெல்லிய படலங்கள் மேல். ஓரங்கள் சரிவாக முடிய வேண்டும். மேடு நின்றால் வளையத்தில் தட்டும்.

புற ஊதாப் பசைக்கு அதற்குரிய சிறு விளக்கை லைனைச் சுழற்றியபடி காட்ட வேண்டும். பாலியுரேத்தேன் பசை காற்றின் ஈரப்பதத்தால் இறுகுவது. நம் ஊர் ஈரக்காற்று அதற்குத் தோதானது. ஆனாலும் ஓர் இரவு முழுவதும் தொடாமல் விட வேண்டும்.

'சூப்பர் குளூ'வைப் பலர் அவசரத்தில் எடுக்கிறார்கள். அது கண்ணாடிபோல இறுகும். இறுகிய இடம் வளையாது. அதற்கு இருபுறமும் லைன் கூர்மையாக மடிந்து, பழைய வெடிப்புக்குப் பதிலாகப் புதிதாக இரண்டு வெடிப்புகள் உண்டாகும்.

நுனி வளையம் பிய்ந்தால் வெப்பம்

அதிகம் பழுதாகும் இடம் லைனின் நுனி. 'லீடர்' எனப்படும் மெல்லிய நரம்பை மாட்டுவதற்காகத் தொழிற்சாலையிலேயே அங்குச் சிறு வளையம் ஒன்று உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். நாள்பட அது வெடிக்கும், பிரியும். பூச்சு பிவிசியாகவும் உள்ளிழை பின்னியதாகவும் இருந்தால் அதை வீட்டிலேயே மறுபடி உருக்கி அமைக்கலாம்.

இதற்குத் தேவை மின்கம்பி வேலையில் பயன்படும், சூடுபட்டால் சுருங்கும் குழாய். நிறமற்றது, லைனின் இரட்டைத் தடிமன் நுழையும் அளவுடையது வேண்டும். சூடாக்க வெப்பக்காற்றுக் கருவி அல்லது தலைமுடியை நேராக்கும் கருவி போதும்.

பழைய வளையத்தை வெட்டிவிட்டு, 4 சென்டிமீட்டர் குழாயை முதலில் லைனில் கோத்துக்கொள்ள வேண்டும். மடித்த பிறகு கோக்க முடியாமல் விழிப்பது முதல் முறை செய்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. லைன் நுனியைச் சரிவாகச் சீவி, பின்னால் மடித்து, ஒரு சென்டிமீட்டர் அளவு வளையம் வெளியே நிற்கும்படி குழாயை இரட்டை லைன்மேல் நகர்த்த வேண்டும். சீவிய நுனியும் குழாய்க்குள் இருக்க வேண்டும்.

இப்போது குறைந்த சூட்டில் மெதுவாகச் சூடுகாட்டினால் குழாய் சுருங்கி லைனை இறுக்கும். சூடு ஏற ஏற உள்ளே இரண்டு லைன்களின் பூச்சும் பளபளப்பாகி ஒன்றோடொன்று கலப்பது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கணமே சூட்டை விலக்க வேண்டும். குழாய் இளஞ்சூட்டுக்கு வந்ததும் மேசைமீது உருட்டி உருண்டையாக்கி, முழுவதும் ஆறியபின் குழாயை மட்டும் கவனமாகக் கீறி உரித்துவிடலாம்.

சூடு மிஞ்சினால் உள்ளிழை கெடும். நைலான் அதன் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் உருகும். அதற்கு முன்பே அதன் வலிமை குறையத் தொடங்கிவிடும். பிவிசி கருகினால் மூச்சை அடைக்கும் அமிலப் புகை வரும். எனவே எரிவாயு அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் லைட்டர் எதையும் பயன்படுத்தக் கூடாது. சன்னலைத் திறந்துவைத்து, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்வது நல்லது. புதிய லைனில் கைவைக்கும் முன் பழைய லைன் துண்டுகளில் நான்கைந்து முறை பழகிக்கொள்ள வேண்டும்.

ஒற்றை நரம்பு லைனுக்கு நூல்கட்டு

நம் நாட்டில் அதிகம் பயன்படும் வெப்பநாட்டு லைன்களுக்கு உருக்கும் முறை அவ்வளவு பொருந்தாது. பின்னிய இழையில் உருகிய பூச்சு ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை நைலான் நரம்போ வழுவழுப்பானது. பிடிமானம் இல்லாமல் நழுவிவிடும்.

இதற்குப் பட்டு லைன் காலத்து வழியே கைகொடுக்கிறது. நுனியைச் சரிவாகச் சீவி மடித்து, மேலே வலுவான பாலியெஸ்டர் நூலை நெருக்கமாக, இறுக்கமாகச் சுற்ற வேண்டும். நூல் பூச்சில் சற்றே பதியும்படி இழுத்துச் சுற்றுவதே இதன் சூட்சுமம். ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் சுற்றி முடிச்சிட்டு, மேலே நெகிழும் பசையை மெல்லியதாகப் பூசினால் போதும். கைகளால் செய்த பழைய வேலைப்பாடு என்றாலும், எந்த வகை லைனுக்கும் பொருந்துவது இதுதான்.

நூல்கட்டுக்குப் பொறுமை இல்லாதவர்கள் 'ஆணி முடிச்சு' போடலாம். தடித்த நைலான் நரம்புத் துண்டை லைன் நுனியில் ஆறேழு சுற்றுகள் சுற்றி இறுக்கினால் அது பூச்சைக் கவ்விப் பிடிக்கும். கடைகளில் கிடைக்கும் பின்னல் வளையத்தையும் மாட்டலாம். உள்ளே பொள்ளலாக உள்ள அந்தப் பின்னலுக்குள் லைன் நுனியை நுழைத்தால், இழுக்க இழுக்க அது இறுகிக்கொள்ளும்.

நகப்பூச்சு அகற்றப் பயன்படும் அசிட்டோனில் நுனியைச் சிறிது நேரம் நனைத்தால் பிவிசி பூச்சு இளகிக் கழன்றுவிடும். உள்ளிழையில் நேரடியாக முடிச்சுப் போட இது உதவும். பாலியுரேத்தேன் பூச்சு அசிட்டோனுக்கு அசையாது. பூச்சு எந்த வகை என்று தெரியாதபோது, வெட்டிய துண்டில் இதைச் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம்.

முழுதாக அறுந்தால்?

எங்கே அறுந்தது என்பதைப் பொறுத்தே முடிவெடுக்க வேண்டும்.

நுனியிலிருந்து ஓரடிக்குள் என்றால் வெட்டிவிட்டுப் புது வளையம் அமைத்தால் போதும். வீச்சில் பெரிய வேறுபாடு தெரியாது. ஒரு மீட்டருக்கு மேல் போய்விட்டால் நுனி நோக்கி மெலியும் பகுதி குறைந்து, ஈ நீரில் 'பொத்'தென்று விழும். லீடரைச் சற்று நீட்டினால் ஓரளவு ஈடுகட்டலாம்.

தலைப்பகுதி எனப்படும் முதல் 9 மீட்டருக்குள் நடுவில் அறுந்திருந்தால் ஒட்டுப்போடாமல் இருப்பதே நல்லது. லைனின் எடையும் வீச்சின் விசையும் இணையும் இடம் அது. ஒட்டு அங்கே விறைப்பாக நிற்கும். வீச்சும் கெடும், ஒட்டும் பிரியும்.

தலைப்பகுதிக்குப் பின்னால், மெல்லிய ஓட்டப்பகுதியில் அறுந்திருந்தால் இணைக்கலாம். இரண்டு முனைகளையும் 4 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து நூல்கட்டிப் பசை பூசலாம். பின்னிய உள்ளிழை என்றால் முதலில் உருக்கி ஒட்டி, அதன்மேல் நூல் சுற்றலாம். ரீலுக்கு அருகே அறுந்திருந்தால் இன்னும் எளிது. கெட்ட துண்டை நீக்கிவிட்டு, அடியில் சுற்றியிருக்கும் 'பேக்கிங்' நூலோடு நேரடியாக இணைத்துவிடலாம். சில மீட்டர் குறைவதைப் பெரும்பாலோர் உணரவே மாட்டார்கள்.

லைன் பெட்டியில் 'டிடி' என்று குறிப்பிட்டிருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. அந்த வகையில் இரு முனைகளும் ஒரே மாதிரி மெலிந்திருக்கும். ஒரு முனை தேய்ந்துவிட்டால் கழற்றித் திருப்பிச் சுற்றினால் மறுமுனை புதிதுபோல வேலை செய்யும். 'டபிள்யூஎஃப்' என்ற வகைக்கு இது பொருந்தாது. அதில் எடை ஒரு முனையில் மட்டுமே உள்ளது.

சோதிக்காமல் நீரில் இறக்க வேண்டாம்

சரிசெய்த லைனை நம்பலாமா என்பதை அறிய, பயணப்பெட்டிகளை எடைபோடும் கைத்தராசு போதும். வளையத்தைத் தராசில் மாட்டி, லைனின் மறுபகுதியைத் துணி சுற்றிய குழாய் ஒன்றில் சில சுற்றுகள் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். விரலில் சுற்றி இழுத்தால் தோல் அறுபடும். கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது.

எவ்வளவு தாங்க வேண்டும்? பொதுவான லைன்களின் உள்ளிழை 9 முதல் 13 கிலோகிராம் வரை தாங்கும். லீடரின் நுனி நரம்பு அதைவிடக் குறைவாகவே தாங்க வேண்டும். அப்போதுதான் மீன் மிஞ்சினால் முதலில் அறுவது அந்தச் சிறு நரம்பாக இருக்கும். மீனுக்குப் பின்னால் நீண்ட லைன் இழுபடாது. தோமானின் பற்களுக்கு அஞ்சி மிகத் தடித்த நரம்பை மாட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நரம்பு லைனைவிட வலுவாக இருந்தால், அறுவது லைன்தான். சரிசெய்த ஒட்டு, நுனி நரம்பின் தாங்குதிறனைவிடத் தெளிவாகக் கூடுதலாகத் தாங்கினால் அந்த லைனை நீருக்குக் கொண்டுபோகலாம். நழுவினாலோ, ஒட்டு நீண்டாலோ திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்த சோதனை புல்வெளியில். கொக்கிக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசிப் பார்த்தால், ஒட்டு வளையங்களில் தட்டுகிறதா என்பது கையிலேயே தெரியும். பின்னால் நடைப்பயிற்சி செய்வோர் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

விதிமுறையும் பொறுப்பும்

கேலாங் ஆறும் காலாங் படுகையும் இன்றிருக்கும் நிலை எளிதில் வந்ததல்ல. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் தூய்மைப்படுத்தும் திட்டம் 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் நடந்தது. 2008ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின் இந்த நீர்நிலைகள் மரினா நீர்த்தேக்கத்தின் பகுதிகளாயின. அதாவது, கேலாங் மக்கள் அன்றாடம் கடந்துபோகும் அந்த ஆறு, குடிநீர் சேகரிக்கும் அமைப்பின் ஓர் அங்கம்.

அதனால்தான் நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் அனுமதித்துப் பலகை வைத்துள்ள இடங்களில் மட்டுமே மீன் பிடிக்கலாம். உயிருள்ள இரைக்கு அனுமதியில்லை. செயற்கை இரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இறகாலும் நூலாலும் செய்த ஈ இதற்குப் பொருந்துகிறது. அனுமதியற்ற இடத்தில் மீன் பிடித்தால் 3,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். வீட்டுக்குப் பக்கத்தில்தானே ஆறு ஓடுகிறது என்று கோலை எடுத்துக்கொண்டு இறங்கும் முன் பலகையைத் தேடிப் பார்ப்பது அவசியம்.

வெட்டிய லைன் துண்டுகளும் நரம்புகளும் நீரில் அல்லது கரையில் கிடந்தால் நீர்நாய்கள், உடும்புகள், பறவைகள் ஆகியவற்றின் கழுத்திலும் காலிலும் சுற்றிக்கொள்ளும். நைலான் மக்குவதற்குப் பல காலம் பிடிக்கும். துண்டுகளைச் சிறு டப்பாவில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து, குட்டையாக நறுக்கிக் குப்பையில் போட வேண்டும். தலைப்பகுதி கெட்டு, சரிசெய்ய முடியாமல் போன லைனும் வீண் அல்ல. ஒட்டுவேலை பழக அதைவிடச் சிறந்த பொருள் இல்லை.

மீண்டும் கெடாமல் இருக்க

நான்கைந்து முறை மீன்பிடித்த பிறகு ஒரு முறை சோப்பு நீரில் கழுவுவது, கடலுக்குப் போய்வந்தால் அன்றே நல்ல நீரில் அலசுவது, கரையில் லைனைத் தரையில் விடாமல் இடுப்பில் கட்டிய கூடையிலோ பக்கத்தில் வைத்த பிளாஸ்டிக் பேசினிலோ விழச்செய்வது, ரீலைக் காரில் விட்டுவராமல் வீட்டுக்குள் நிழலில் வைப்பது. இவ்வளவுதான் பராமரிப்பு. அடுத்த விடியலுக்குக் கிளம்பும் முன்னிரவில் லைனின் முதல் 9 மீட்டரை நகத்துக்கிடையே ஒரு முறை இழுத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. தோமான் ஓடத் தொடங்கியபிறகு அதைப் பார்க்க நேரம் கிடைக்காது.